மாருத் போர் விமானத்தை முதன்முதலில் பறக்கவிட்டவர்: பெங்களூரு சாலைப் பலகையில் வாழும் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ்

பெங்களூரு: ஆடுகோடியில் இருந்து கோரமங்களா, தொம்மலூர் வழியாகப் பழைய விமான நிலையச் சாலையை அடைந்து கிழக்கு நோக்கிச் சென்றால், முருகேஷ்பாளையாவைக் கடந்த பின் இடப்புறம் ஒரு சாலை பிரிகிறது. பழைய மெட்ராஸ் சாலையுடன் சென்று இணையும் அச்சாலைக்குச் சுரஞ்சன் தாஸ் சாலை என்று பெயர். நாள்தோறும் பல்லாயிரம் பேர் அதைக் கடந்து செல்கின்றனர். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால், அரசியல் தலைவராக இருக்கக்கூடும் என்றே பெரும்பாலோர் விடையளிக்கின்றனர்.

அவர் அரசியல் தலைவர் அல்லர். இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானமான எச்எஃப்-24 மாருத்தை 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாக விண்ணில் செலுத்தியவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ். இந்திய விமானிகள் பல தலைமுறைகளாகப் பயிற்சி பெற்ற கிரண் ஜெட் விமானத்தின் முதல் பறப்பும் அவர் கையாலேயே நிகழ்ந்தது. 1970 ஜனவரி 10 அன்று, அதே எச்ஏஎல் விமான தளத்தில், மாருத்தின் மேம்படுத்தப்பட்ட முன்மாதிரி ஒன்றை இயக்கியபோது அவர் உயிரிழந்தார். சாலைக்கும் அந்த ஓடுபாதைக்கும் இடையிலான தொலைவு நடந்து கடக்கக் கூடியதே.

நீதிபதியின் மகன்

வங்காளத்தின் புகழ்பெற்ற சட்டக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் தாஸ். தந்தை சுதி ரஞ்சன் தாஸ், சாந்திநிகேதனில் இரவீந்திரநாத் தாகூரின் தொடக்க கால மாணவர்களுள் ஒருவர். 1956 முதல் 1959 வரை இந்தியத் தலைமை நீதிபதியாகப் பதவி வகித்தவர். பின்னர் விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். மைத்துனர் அசோக் குமார் சென் மத்திய சட்ட அமைச்சராக இருந்தவர். வழக்கறிஞர் அங்கியே இயல்பான உடையாக இருக்கக்கூடிய வீட்டில் இருந்து ஒருவர் விமானப்படைச் சீருடையை நாடினார். இரண்டாம் உலகப் போர் ஒரு தலைமுறை இளைஞர்களையே விமானங்களின் பக்கம் திருப்பியிருந்த காலம் அது.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ நகரில் இயங்கிய எம்பயர் டெஸ்ட் பைலட்ஸ் ஸ்கூலில் அவர் பயிற்சி பெற்றார். சோதனை விமானிகளை உருவாக்கவென்றே தொடங்கப்பட்ட முதல் பள்ளி அதுதான். அங்கு தேர்ச்சி பெற்ற தொடக்க கால இந்தியர்களுள் அவரும் ஒருவர். பின்னர், இந்தியா வாங்க முடிவுசெய்த நாட் போர் விமானத்தின் சோதனைகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

சோதனை விமானி என்றதும் துணிச்சல்காரர் ஒருவரின் உருவமே நம் மனத்தில் எழுகிறது. திரைப்படங்கள் செய்த வேலை அது. உண்மையில் அப்பணியின் பெரும்பகுதி எழுத்து வேலை. குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட எடையுடன், குறிப்பிட்ட ஒன்றை மட்டும் செய்து பார்த்து, நிகழ்ந்ததை மிகைப்படுத்தாமல் பதிவு செய்வதே அவரது கடமை. தொடையில் கட்டப்பட்ட சிறு பலகையும் பென்சிலும் அவரது கருவிகள். அவர் பதிவு செய்யும் எண்களே பின்னாளில் படைப்பிரிவு விமானியின் கையேட்டில் விதிகளாக அச்சேறுகின்றன. இருபது வயது விமானி ஒருவர் மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், அதை முதலில் செய்து பார்த்த ஒருவர் இருக்கிறார்.

அத்தகைய வரிகளுள் மிகவும் அச்சத்துடன் எழுதப்பட்டவை ஸ்பின் பற்றியவை.

சுழல் வீழ்ச்சி

இச்சொல்லை எவ்வாறு மொழிபெயர்ப்பது என்ற கேள்வி செய்தி மேசையில் எப்போதும் எழும். சுழற்சி என்றால் இயந்திரத்தின் இயல்பான இயக்கம் போல் தோன்றும். வீழ்ச்சி என்றால் எல்லாம் முடிந்துவிட்டது போலாகும். சுழன்றபடியே விழுவதுதான் ஸ்பின் என்பதால், இக்கட்டுரையில் சுழல் வீழ்ச்சி என்ற சொல் கையாளப்படுகிறது. விமானிகள் எந்த மொழி பேசினாலும் ஸ்பின் என்றே சொல்கின்றனர்.

இறக்கையின் மீது காற்று ஒழுங்காகப் படிந்து செல்லும் வரையில்தான் விமானத்துக்குத் தூக்குவிசை கிடைக்கும். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் காற்று இறக்கையின் மேற்பரப்பில் இருந்து பிரிந்துவிடும். இந்நிலைக்கு ஸ்டால் என்று பெயர். இரு இறக்கைகளும் ஒரே அளவில் ஸ்டால் ஆனால் விமானம் மூக்கைத் தாழ்த்திச் சரியும், மீட்பது எளிது. ஒரு பக்க இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகி, அதே வேளையில் விமானம் பக்கவாட்டிலும் திரும்பினால், தாழ்ந்த இறக்கை மேலும் தாழ, உயர்ந்த இறக்கை மேலும் உயர, விமானம் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. இயந்திரத்தின் உதவி அதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பல நூறு அடி உயரம் கரைகிறது. விமானியின் கண்ணுக்குத் தரை ஓர் இராட்டினமாகத் தெரியும்.

விமானங்கள் தோன்றிய முதல் பத்தாண்டில் இதில் சிக்கியவர்கள் பெரும்பாலும் மாண்டனர். 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியின் மீது பறந்த வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி, தரையைத் தொட மிகச் சிறிது உயரமே மீதமிருந்த நிலையில், சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானை முழுவதும் திருப்பினார். சுழற்சி நின்றது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரை உடனே விசாரித்து ஒவ்வொரு அசைவையும் குறித்துக்கொண்டனர். சுழல் வீழ்ச்சியில் இருந்து மீண்ட அனுபவம் ஒன்று முறையாகப் பதிவானது அப்போதுதான். அதே ஆண்டு டிசம்பரில், தாழ்வாகப் பறந்த வேறொரு விமானத்தில் நிகழ்ந்த விபத்தில் பார்க் இறந்தார். அவர் கண்டறிந்த வழிமுறை அவரைக் காப்பாற்றுவதற்குத் தேவையான உயரம் அன்று அவரிடம் இல்லை.

முதல் உலகப் போரின்போது, பிற்காலத்தில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகராகப் புகழ்பெற்ற இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் லிண்டெமன், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே சுழல் வீழ்ச்சிக்குள் நுழைந்து அளவைகளைக் குறித்து வந்தார். அவர் பணியாற்றிய இடம் ஃபார்ன்பரோ. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் தாஸ் பயின்ற அதே ஊர்.

இன்று உலகெங்கும் பயிற்சி விமானங்களில் கற்பிக்கப்படும் மீட்பு முறையின் சாரம் எளியது. இயந்திர விசையை முற்றிலும் குறைக்க வேண்டும். இறக்கை முனைகளில் உள்ள ஏலரான்களை நடுநிலையில் வைக்க வேண்டும். திருப்பத்தைக் காட்டும் கருவியைப் பார்த்து, சுழற்சி இடமா வலமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பின் எதிர்த்திசையில் சுக்கான் மிதியை முழுவதுமாக அழுத்திக் கட்டுப்பாட்டுக் கோலை முன்னோக்கித் தள்ள வேண்டும். சுழற்சி நின்ற கணமே சுக்கானை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் எதிர்ப்பக்கம் புதிய சுழற்சி தொடங்கிவிடும். அதன் பிறகு இறக்கைகளைச் சமன்படுத்தி, பாய்ச்சலில் இருந்து மெதுவாக விமானத்தை மேலெடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் இரண்டாவது ஸ்டால்.

படிக்கையில் எளிதாகத் தோன்றும் இதில் இரு சிக்கல்கள் உள்ளன. தரை எழும்பி வருவதைக் காணும் எந்த மனிதரும் கோலைத் தன்னை நோக்கி இழுக்கவே விரும்புவார். முறையோ முன்னோக்கித் தள்ளச் சொல்கிறது. இரண்டாவது, சுழற்சியில் உட்காதின் சமநிலை உறுப்பு ஏமாற்றும். சுழற்சி நின்ற பின்னும் எதிர்ப்பக்கம் சுற்றுவது போன்ற உணர்வு தோன்றும். ஆகவே உடல் சொல்வதை நம்பாமல் கருவி சொல்வதை நம்பப் பழக வேண்டும். பயிற்சிக் காலத்தில் இம்முறையை மீண்டும் மீண்டும் செய்யவைப்பதற்கு இதுவே காரணம்.

ஜெட் யுகம் இப்பாடத்தை மேலும் கடினமாக்கியது. பழைய விமானங்களில் எடையின் கணிசமான பகுதி இறக்கைகளில் பரவியிருந்தது. ஜெட் போர் விமானங்களிலோ இயந்திரமும் எரிபொருளும் ஆயுதங்களும் நீண்ட உடற்பகுதியில் அடங்கி, இறக்கைகள் மெல்லியதாகவும் பின்னோக்கிச் சாய்ந்தும் அமைந்தன. இத்தகைய விமானம் சுழலும்போது அதன் உடற்பகுதியின் நிறை மூக்கைக் கிடைமட்டமாக உயர்த்த முயல்கிறது. சுழற்சி தட்டையானால், வால்பகுதிச் சுக்கானுக்குத் தேவையான காற்று கிடைக்காமல் போகலாம். சிலவகை விமானங்களில் சுக்கானை மட்டும் நம்பாமல் கோலைச் சுழலும் திசையை நோக்கியே சாய்க்க வேண்டியிருக்கும். அனுபவமுள்ளவருக்கும் இயல்புக்கு மாறாகத் தோன்றும் செயல் அது. காற்று உள்வாயில் கோணலாக நுழைவதால் ஜெட் இயந்திரம் அணைந்துபோகவும் கூடும். இக்காரணங்களால் போர் விமானங்கள் பலவற்றில் வேண்டுமென்றே சுழல் வீழ்ச்சியில் நுழைவதற்குத் தடை உண்டு. குறிப்பிட்ட உயரத்துக்குள் விமானம் மீளாவிட்டால் இருக்கையுடன் வெளியேற வேண்டும் என்று அவற்றின் கையேடுகள் வரையறுக்கின்றன. தரையில் இருந்து 10,000 அடி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை.

அந்த எல்லையை யாராவது ஒருவர் கண்டறிந்து சொல்ல வேண்டுமல்லவா? சோதனை விமானி அதற்கே அனுப்பப்படுகிறார். வாலில் மீட்புப் பாராசூட் பொருத்தப்பட்ட விமானத்தில், மிக உயரத்தில் தொடங்கி, முதலில் ஒரே ஒரு சுற்று; பிறகு இரண்டு; இடப்புறம், வலப்புறம்; எடை மையத்தை முன்னே வைத்தும் பின்னே வைத்தும். ஒவ்வொரு படியின் முடிவையும் பொறியாளர்கள் அலசிய பிறகே அடுத்த படி.

இயந்திரம் இல்லாத மாருத்

தாஸின் பெயர் நிலைத்தது பெங்களூருவில்தான். வால்சந்த் ஹிராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையுடன் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம், விடுதலைக்குப் பின் சொந்த விமானங்களை வடிவமைக்கத் தொடங்கியிருந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர் விமானம் ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்ற அரசின் முடிவின் பேரில், 1956 ஆகஸ்டில் ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தம் குழுவினருடன் பெங்களூரு வந்து சேர்ந்தார். உலகப் போரில் புகழ்பெற்ற ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் அவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தை உருவாக்கினார். அதன் சோதனைகளில் இரு விமானிகள் உயிரிழந்திருந்தனர். பெங்களூருவில் அவர் தொடங்கிய பணி எத்தகைய அபாயம் நிறைந்தது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது.

டாங்க் குழு முதலில் செய்தது இன்றும் வியப்பளிப்பது. விமானத்தின் முழு அளவில், மரத்தால், இயந்திரமே இல்லாத மாதிரி ஒன்றைக் கட்டினர். டகோட்டா விமானம் அதை மேலே இழுத்துச் சென்று விடுவிக்கும். அது மிதந்து இறங்கும். 1959 வசந்த காலத்தில் தொடங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட முறை அது பறந்தது. 1960 மார்ச்சில் சக்கரத் தொகுதி சரிவர இறங்காததால் தரையிறங்கும்போது சேதமடைந்தது. காற்றுச் சுரங்கத்தில் கணக்கிட்டவை மெய்யான காற்றில் பொருந்துகின்றனவா என்பதை அந்த மர விமானம் அதற்குள் சொல்லிவிட்டது.

இயந்திரம் இல்லாத விமானத்தைத் தரையிறக்குவதில் இரண்டாம் வாய்ப்பு என்பதே கிடையாது. ஓடுபாதையைத் தவறவிட்டால் விசையைக் கூட்டி மறுபடி சுற்றி வர முடியாது. ஒவ்வொரு அடி உயரமும் செலவழித்தால் திரும்பப் பெற முடியாத பணம் போன்றது. ஜெட் விமானத்தின் இயந்திரம் நடுவானில் அணைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான பாடமும் இதுவே. ஓடுபாதைக்கு மேலே வரையறுக்கப்பட்ட உயரத்தில் வந்து சேர்ந்து, அங்கிருந்து வட்டமாக இறங்கி, பாதி வட்டத்தில் மற்றொரு வரையறுக்கப்பட்ட உயரத்தைச் சரிபார்த்து, ஓடுபாதை கைக்கு எட்டும் என்ற உறுதி வந்த பிறகே சக்கரங்களையும் ஃபிளாப்களையும் முழுவதும் இறக்க வேண்டும். சற்று அதிக உயரத்துடன் வருவது பிழை. குறைந்த உயரத்துடன் வருவது பெரும்பிழை.

1961 ஜூன் 17 அன்று, மூன்று மாதத் தரைச் சோதனைகளுக்குப் பின், விங் கமாண்டர் தாஸ் முதல் மாருத்தை எச்ஏஎல் ஓடுபாதையில் இருந்து எழுப்பினார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 24 அன்று, பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் முன்னிலையில் மீண்டும் பறந்து காட்டினார். மாருதம் என்றால் தமிழில் காற்று. மந்தமாருதம் என்று தென்றலைச் சொல்லிப் பழகிய நமக்கு அப்பெயர் சற்று மென்மையாக ஒலிக்கலாம். வடமொழியில் அது புயலின் தேவர்களைக் குறிப்பது.

புயலுக்கு உரிய விசைதான் கிடைக்கவில்லை. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்காக வரையப்பட்ட விமானத்துக்குப் பின்னெரிப்பு வசதி கொண்ட ஆர்ஃபியஸ் 12 இயந்திரம் தேவைப்பட்டது. பிரிட்டன் அதன் உருவாக்கத்தைக் கைவிட்டது. அதற்கான செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. பின்னெரிப்பு இல்லாத ஆர்ஃபியஸ் 703 இயந்திரங்கள் இரண்டே மாருத்துக்கு வாய்த்தன. கையாள்வதற்கு இனிய விமானம், விசை போதாத விமானம் என்பதே மாருத்தைப் பற்றி நிலைத்துவிட்ட மதிப்பீடு. எகிப்துடன் கூட்டாக மாற்று இயந்திரம் தேடிய முயற்சியும் பலன் தரவில்லை. டாங்க் 1967-இல் இந்தியாவை விட்டுச் சென்றார்.

கிரண்: சுழலக் கற்றுக்கொடுக்கும் விமானம்

1964 செப்டம்பர் 4 அன்று தாஸ் மற்றொரு புதிய விமானத்தில் அமர்ந்தார். வி.எம். காட்கே தலைமையிலான இந்திய வடிவமைப்பாளர்கள் உருவாக்கிய கிரண் பயிற்சி ஜெட் அது. ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆக மாறுவதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே இருந்தது.

போர் விமானத்துக்கும் பயிற்சி விமானத்துக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. முன்னதற்குச் சுழல் வீழ்ச்சி விலக்கப்பட்டது. பின்னதற்கு அது பாடத்திட்டம். ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் கிரணில், மாணவர் தாமே விமானத்தைச் சுழலவிட்டுத் தாமே மீட்க வேண்டும். ஆகவே அவ்விமானம் சுழலுக்குள் ஒழுங்காக நுழையவும் வேண்டும், ஒழுங்காக வெளிவரவும் வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடந்துகொள்ளவும் வேண்டும். சுழலவே மறுக்கும் விமானம் நல்ல ஆசானாகாது. மீள மறுக்கும் விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உயரத்தில் கற்ற இப்பாடம் உண்மையில் தேவைப்படுவது தரைக்கு அருகே என்பதுதான் இதில் உள்ள முரண். தரையிறங்க வரும் விமானி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் பறந்து, வேகத்தைக் குறைத்து, சக்கரங்களை இறக்கி, மூன்று பச்சை விளக்குகள் எரிவதைப் பார்த்து, ஃபிளாப்களை விரித்து, ஓடுபாதையை நோக்கித் திரும்புகிறார். இத்திருப்பமே ஆபத்தானது. காற்று தள்ளியதால் திருப்பம் ஓடுபாதையைக் கடந்துவிடும் போல் தோன்றினால், சற்றுச் சுக்கானைக் கூட்டி, மூக்கைச் சற்று இழுத்துச் சரிசெய்ய மனம் விரும்பும். குறைந்த வேகம், கூடுதல் சுக்கான், இழுக்கப்பட்ட கோல்: சுழல் வீழ்ச்சிக்குத் தேவையான அனைத்தும் அங்கே ஒன்றுசேர்கின்றன. 20,000 அடியில் பயிற்சியாக இருப்பது 600 அடியில் மரணமாகிறது. அந்த உயரத்தில் மீட்பு முறையை எவ்வளவு விரைவாகச் செய்தாலும் தரை முந்திக்கொள்ளும். திருப்பத்தைக் கைவிட்டு, விசையைக் கூட்டி, மறுபடி சுற்றி வருவதே அங்கே சரியான முறை. இதனால்தான் பயிற்றுநர்கள் மீள்வதைக் காட்டிலும் நுழைவதற்கு முந்தைய அறிகுறிகளை, அதாவது கோலில் தோன்றும் நடுக்கத்தையும் மூக்கின் தள்ளாட்டத்தையும், உணரவே அதிகம் வற்புறுத்துகின்றனர்.

கடைசிப் பறப்பு

மாருத் 1967-இல் விமானப்படையின் 10-ஆவது படைப்பிரிவில் சேர்ந்துவிட்டது. விசைக் குறைபாடு மட்டும் தீரவில்லை. பெங்களூருவில் உள்ள எரிவாயுச் சுழலி ஆராய்ச்சி நிறுவனம், ஆர்ஃபியஸ் 703 இயந்திரத்துக்குப் பின்னெரிப்புக் கருவி ஒன்றை உருவாக்கியது. அதைப் பொருத்திய மாருத் முன்மாதிரிக்கு மார்க் 1ஆர் என்று பெயரிடப்பட்டது. இயந்திரத்தின் விசை கூடியது உண்மை. ஆனால் புதிய கருவிக்காக அகலப்படுத்தப்பட்ட பின்பகுதியின் காற்றுத் தடையும் கூடியதால், ஈட்டிய பயனில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது. இருப்பினும் உள்நாட்டில் கைவசம் இருந்த ஒரே வழி அதுவே.

அந்த விமானத்தின் சோதனையைத் தாஸே மேற்கொண்டார். அப்போது அவர் குரூப் கேப்டன். மாருத்தைத் தொடக்க நாள் முதல் அறிந்தவர். பதவியும் வயதும் உயர்ந்த அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின் அமர்ந்து இளையவர்களை அனுப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

1970 ஜனவரி 10 அன்று மார்க் 1ஆர் எச்ஏஎல் ஓடுபாதையில் இருந்து எழும்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. தாஸ் உயிரிழந்தார். சக்கரங்கள் தரையை விட்டு எழுந்து, பாதுகாப்பான வேகமும் உயரமும் கிடைப்பதற்கு முந்தைய அந்தச் சில நொடிகள் எந்த விமானிக்கும் மிகக் குறுகியவை. எரிபொருள் நிறைந்து எடை மிகுந்திருக்கும், வேகம் குறைந்திருக்கும், கீழே விட்டுக்கொடுக்க உயரம் இருக்காது. அவர் வாழ்நாளெல்லாம் சரிபார்த்து எழுதிய முறைகள் யாவும் உயரத்தை முதலாகக் கொண்டவை. மற்ற எல்லா விமானிகளுக்கும் அவர் வாங்கித் தந்த அந்த முதல், அன்று அவர் கையில் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமை நீதிபதியான தந்தை அப்போது உயிருடன் இருந்தார். மகனுக்குப் பின் ஏழு ஆண்டுகள் வாழ்ந்து 1977-இல் அவர் மறைந்தார்.

சோதனைகள் நிற்கவில்லை. நான்கு மாதம் முடிவதற்குள், 1970 ஏப்ரல் 30 அன்று, மாருத்தின் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவம் அதே ஓடுபாதையில் இருந்து முதன்முறையாகப் பறந்தது. மறு ஆண்டு டிசம்பரில் நடந்த போரில் ராஜஸ்தான் பாலைவன முனையில் மாருத்துகள் தரைப்படைக்குத் துணை நின்றன. இரு இயந்திரங்களில் ஒன்று பழுதான நிலையிலும் மாருத்துகள் தளம் திரும்பித் தரையிறங்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஒற்றை இயந்திரத்துடன் எந்த வேகத்தில் இறங்கலாம், எங்கே சுக்கானைக் கூட்ட வேண்டும் என்பவை பல ஆண்டுகளுக்கு முன்பே பெங்களூரு வானில் அளந்து கையேட்டில் எழுதப்பட்டிருந்தன. மொத்தம் 147 மாருத்துகள் கட்டப்பட்டன. 1990-க்குள் அனைத்தும் ஓய்வுபெற்றன. அவற்றுள் ஒன்று கஸ்தூரிபா சாலையில் உள்ள விசுவேஸ்வரய்யா அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலா வரும் குழந்தைகள் அதன் முன் படம் எடுத்துக்கொள்கின்றனர்.

கிரணின் கதை இன்னும் நீண்டது. அதற்கு மாற்றாக எச்ஏஎல் உருவாக்கிய சித்தாரா என்ற இடைநிலைப் பயிற்சி ஜெட், 2003-இல் முதன்முதலில் பறந்தது. அது தடுமாறிய இடம் சுழல் வீழ்ச்சியே. 2011 ஏப்ரலில் அதன் முன்மாதிரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து தமிழக எல்லைக்குள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்தது. இரு விமானிகளும் இருக்கையுடன் வெளியேறி உயிர் தப்பினர். வால்பகுதியும் சுக்கானும் இடம் மாற்றி அமைக்கப்பட்டு, 2019-இல் மறுபடி பறக்கத் தொடங்கிய அவ்விமானம், 2022 ஜனவரியில்தான் இடப்புறமும் வலப்புறமும் ஆறு சுற்றுகள் சுழன்று மீண்டது. முதல் பறப்புக்கும் அந்த ஆறு சுற்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ 19 ஆண்டுகள். கணினிகளும் காற்றுச் சுரங்கங்களும் இவ்வளவு வளர்ந்த பின்பும் அக்கேள்விக்கு இறுதி விடை, வாலில் பாராசூட் கட்டிய விமானத்தில் இருவர் அமர்ந்து மேலே சென்று பார்த்த பிறகே கிடைத்தது. 2025-இல் அவ்விமானத்துக்கு யஷஸ் என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது.

பயணிகள் விமானங்கள் 2008 மே மாதம் தேவனஹள்ளிக்கு இடம்பெயர்ந்துவிட்டன. எச்ஏஎல் ஓடுபாதையில் இன்றும் சோதனை விமானங்கள் எழுகின்றன. சுரஞ்சன் தாஸ் சாலையில் சிக்னலுக்குக் காத்திருப்பவர்கள் அந்த இரைச்சல் கேட்டு ஒரு கணம் அண்ணாந்து பார்த்துவிட்டு, விளக்கு பச்சையானதும் நகர்கின்றனர்.